உயிலில் டிரஸ்ட் எழுதப் போகிறீர்களா? வக்கீல் ஃபீஸை விட வருஷச் செலவைக் கணக்குப் போடுங்கள்

டிரஸ்ட் என்றால், ஒருவருக்காக (பயனாளி) ஒதுக்கிய சொத்தை வேறொருவர் (டிரஸ்டி) தன் பொறுப்பில் வைத்து நடத்தும் ஏற்பாடு. உயிலில் டிரஸ்ட் ஏற்படுத்த எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வக்கீல் எவ்வளவு வாங்குவார் என்பதைத்தான் கேட்கிறார்கள். அது ஒருமுறை கொடுத்து முடிகிற பணம், மொத்தச் செலவில் சின்னப் பங்கு. நீங்கள் போன பிறகு அந்த டிரஸ்ட் பத்து வருஷமோ இருபது வருஷமோ ஓடும்போது வருஷாவருஷம் கழிந்துகொண்டே இருக்கும் தொகைதான் பெரிசு, அதையும் நீங்கள் கொடுக்கப்போவதில்லை, யாருக்காக எழுதுகிறீர்களோ அவர்கள் பங்கிலிருந்துதான் போகும். அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்: நடத்த எவ்வளவு, தொடங்க எவ்வளவு, கடைசியில் எழுத எவ்வளவு.

முதலில் டிரஸ்ட் தேவையா?

உயிலில் எழுதும் டிரஸ்ட் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெறும் எழுத்து. சொத்து கைமாறாது, கணக்கு வைக்க வேண்டாம், வரி தாக்கல் இல்லை, மனசு மாறினால் உயிலையே மாற்றிக்கொள்ளலாம். உயிரோடு இருக்கும்போதே பத்திரம் எழுதிச் சொத்தை மாற்றித் தொடங்கும் டிரஸ்டில் இந்தச் செலவெல்லாம் இன்றைக்கே ஆரம்பித்துவிடும். உயில் டிரஸ்டில் எல்லாம் தள்ளிப்போகிறது; ஆனால் உயில் என்பதால் பல நாடுகளில் நீதிமன்றத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்த வழி உங்கள் ஊர்ச் சட்டப்படி மலிவா, விலை கூடியதா என்பதைப் பொறுத்துத்தான் இரண்டில் எது லாபம் என்று சொல்ல முடியும்.

மைனர் பிள்ளைகள், வாழ்நாள் முழுக்க ஒருவர் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய மகன் அல்லது மகள், கடன்காரர்கள் வாசலில் நிற்கும் ஒரு வாரிசு, இரண்டாவது மனைவி கடைசிவரை வீட்டில் இருக்கட்டும், அப்புறம் அது மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்ற ஏற்பாடு, இந்த மாதிரி இடங்களில் செலவு தகும். பையனுக்கு இப்போது 22 வயசு, 25இல் கையில் கொடுத்தால் போதும் என்று மட்டும் நினைத்தால், மூன்று வருஷத்துக்காக ஒரு தனி நிர்வாகத்தையே உருவாக்குகிறீர்கள். தொகையும் சின்னது என்றால் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

எழுதும்போது ஆகும் செலவு

டிரஸ்ட் உள்ள உயிலுக்கு வக்கீல் கூடுதலாகக் கேட்பார், நியாயம்தான். பக்கம் கூடுகிறது என்பதற்காக இல்லை, யோசிக்க வேண்டியது கூடுகிறது. டிரஸ்டி இறந்துவிட்டால் அடுத்தது யார், பயனாளி முன்னாலேயே போய்விட்டால் அந்தப் பங்கு யாருக்கு, வீட்டை விற்கலாமா, படிப்புச் செலவுக்கு வட்டி போதாவிட்டால் அசலில் கை வைக்கலாமா, இதற்கெல்லாம் பதில் இல்லாமல் போய் உட்கார்ந்தால்தான் ஃபீஸ் ஏறும். மணிக்கணக்கில் பில் போடும் வக்கீலிடம் போய், மகளுக்கு எந்த வயசில் பணம் கொடுக்கலாம் என்று கணவனும் மனைவியும் அவர் மேஜைக்கு எதிரிலேயே பேசி முடிவு பண்ணினால், அந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான் பில் வரும். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: சொத்து என்னென்ன, எது யார் பெயரில், கடன் எவ்வளவு, டிரஸ்டிகளாக யார் (அவர்கள் முன்கூட்டியே சரி என்றார்களா), எந்தெந்த வயசில் எவ்வளவு, எதற்காகக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது.

மணிக்கு இவ்வளவு என்பதை விட மொத்தமாக இவ்வளவு என்று பேசிக்கொள்வது நல்லது. அந்தத் தொகைக்குள் எத்தனை முறை திருத்தித் தருவார், சாட்சிகளோடு கையெழுத்து வாங்கும் வேலை அடங்குமா, மூல உயிலை வைத்திருக்கத் தனியாகப் பணமா, இரண்டு வருஷம் கழித்து ஒரு டிரஸ்டியை மட்டும் மாற்ற எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிலர் ஃபீஸைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் தங்களையே டிரஸ்டியாகவோ, உயிலை நிறைவேற்றி வைக்கும் எக்ஸிக்யூட்டராகவோ எழுதச் சொல்வார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் இன்று விட்டுக்கொடுத்ததைப் பிற்பாடு எந்த ரேட்டில் வசூலிக்கப் போகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் அற்பம். இந்தியாவில் உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவு செய்வதும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். அங்கே 1882ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டப்படி நிலம், வீடு மாதிரி அசையாச் சொத்தில் டிரஸ்ட் வைக்க ஒன்று பதிவு செய்த பத்திரம் வேண்டும், அல்லது உயில் வேண்டும். உயிலில் எழுதிவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு பத்திரம் தேவையில்லை.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் படிவம் பற்றி ஒரு வார்த்தை. எல்லாம் மனைவிக்கு என்று ஒரு வரியில் முடிகிற உயிலுக்கு அது போதலாம். டிரஸ்டுக்கு வேண்டாம். ஒரு இடத்தில் வாசகம் தெளிவில்லை என்றால் டிரஸ்டிகள் தாங்களாக முடிவெடுக்கப் பயந்து நீதிமன்றத்தில் விளக்கம் கேட்டுப் போவார்கள், அந்த வழக்குச் செலவு சொத்திலிருந்துதான் போகும். இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் சேர்த்துப் போனாலும் ஆச்சரியமில்லை.

இறந்ததற்கும் டிரஸ்ட் தொடங்குவதற்கும் நடுவில்

உயில் உண்மையானது என்று நீதிமன்றம் சான்று கொடுக்கும் புரோபேட்தான் இங்கே முதல் செலவு, நாட்டுக்கு நாடு இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 மே மாதம் கட்டணத்தை 300 பவுண்ட் ஆக்கினார்கள். சொத்து 5,000 பவுண்டைத் தாண்டினால் எவ்வளவு பெரிய சொத்தாக இருந்தாலும் அதே கட்டணம். கனடாவின் ஒன்டாரியோவில் முதல் 50,000 டாலருக்கு ஒன்றும் இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 15 டாலர். 5 லட்சம் டாலர் சொத்துக்கு 6,750 டாலர் வரும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வக்கீல் ஃபீஸுக்கே சட்டத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 10 லட்சம் வரை 2. 10 லட்சம் டாலர் சொத்து என்றால் 23,000 டாலர். எக்ஸிக்யூட்டரும் தன் பங்குக்கு இதே அளவு வாங்க உரிமை உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சதவீதம் சொத்தின் முழு மதிப்பின் மேல், கடனைக் கழித்த மதிப்பின் மேல் அல்ல; முக்கால்வாசி அடமானத்தில் இருக்கும் வீடானாலும் முழு விலைக்குத்தான் கணக்கு. அங்கே ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே டிரஸ்ட் தொடங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் நீதிமன்றக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், எல்லா உயிலுக்கும் புரோபேட் தேவைப்படுவதும் இல்லை.

அதற்கப்புறம் சொத்தை டிரஸ்டிகள் பெயருக்கு மாற்ற வேண்டும். இதை யாரும் செலவாகவே நினைப்பதில்லை, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி வேலை: வீட்டுக்கு மதிப்பீட்டாளர், பெயர் மாற்றம், காப்பீட்டுப் பாலிசியில் திருத்தம், பங்குகளுக்குத் தனிப் படிவம், டிரஸ்டுக்கென்று வரி எண், டிரஸ்ட் பெயரில் வங்கிக் கணக்கு. வங்கியில் உயிலின் சான்றிட்ட நகல் ஒன்று, பங்கு நிறுவனத்தில் ஒன்று, காப்பீட்டில் ஒன்று என்று கேட்பார்கள், அதனால் நகல்களை ஆரம்பத்திலேயே தாராளமாக வாங்கிக்கொள்வது அலைச்சலையும் வக்கீல் கடிதங்களையும் மிச்சப்படுத்தும்.

சொத்து முழுக்க வீடாகவும் நிலமாகவும் இருந்தால் இந்தக் கட்டத்தில் கையில் காசு இருக்காது. கட்டணம் கட்டாமல் புரோபேட் வராது, புரோபேட் வராமல் விற்க முடியாது. ஆறு மாசம் ஒரு வருஷத்துச் செலவுக்கு ஆகிற மாதிரி ஒரு தொகை ரொக்கமாகவோ நாமினி போட்ட காப்பீடாகவோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வருஷாவருஷம்

குடும்பத்தில் ஒருவர் டிரஸ்டியாக இருந்தால் பெரும்பாலும் சும்மா செய்வார். இந்தியச் சட்டத்தில், உயிலிலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் ஒழியவோ நீதிமன்றம் அனுமதித்தால் ஒழியவோ டிரஸ்டிக்குச் சம்பளம் கேட்கும் உரிமையே கிடையாது; கையிலிருந்து செலவழித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு டிரஸ்டிகள் சட்டத்துக்குப் பிறகு, தொழிலாக இதைச் செய்யும் டிரஸ்டிகள் உயிலில் எழுதாவிட்டாலும் நியாயமான ஊதியம் எடுத்துக்கொள்ளலாம், கூட இருக்கும் டிரஸ்டிகள் எழுத்தில் சம்மதித்தால். வங்கியோ டிரஸ்ட் கம்பெனியோ டிரஸ்டியாக வந்தால் சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒரு விலைப்பட்டியல் தருவார்கள். அந்தப் பட்டியலில் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் குறைந்தபட்சக் கட்டணத்தைப் பாருங்கள்.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். டிரஸ்டில் 1 கோடி இருக்கிறது, வருஷத்துக்கு 7 சதவீதம் வருமானம், அதாவது 7 லட்சம். டிரஸ்டி ஃபீஸ் 1 சதவீதம், குறைந்தபட்சம் 1 லட்சம். கணக்கு எழுதி வரி தாக்கல் செய்ய 50,000. முதலீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு அரை சதவீதம், 50,000. மிச்சம் 5 லட்சம். அதில் 30 சதவீதம் வரி என்றால் 1,50,000 போய், பிள்ளைக்கு 3,50,000 நிற்கும். பாதி போய்விட்டது, ஆனாலும் ஏதோ இருக்கிறது.

இப்போது அதே டிரஸ்ட், அதே கம்பெனி, உள்ளே இருப்பது 25 லட்சம். வருமானம் 1,75,000. டிரஸ்டி ஃபீஸ் 1 சதவீதம் என்றால் 25,000தான், ஆனால் குறைந்தபட்சம் 1 லட்சம் என்பதால் 1 லட்சம். கணக்குக்கு அதே 50,000, சின்ன டிரஸ்ட் என்று ஆடிட்டர் பாதி வாங்கமாட்டார். முதலீட்டுக்கு 12,500. மிச்சம் 12,500, அதில் வரி 3,750. பிள்ளைக்கு ஒரு வருஷத்துக்கு 8,750. விலைவாசி ஏறுவதை இன்னும் சேர்க்கவே இல்லை. இந்த டிரஸ்ட் பிள்ளையை வளர்க்கவில்லை, டிரஸ்ட் கம்பெனியையும் ஆடிட்டரையும் வளர்க்கிறது.

எழுதுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டிரஸ்டில் வீடு இருந்தால் அதன் வரி, பழுதுபார்ப்பு, காப்பீடு, வாடகைக்கு ஆள் வராத மாசங்கள் எல்லாம் இதில் சேரும். வாடகை வராத, ஒருவர் குடியிருக்க மட்டும் உள்ள வீடு என்றால் வருமானம் பூஜ்யம், செலவு மட்டும் ஓடும். அதற்கு ஒரு தனித் தொகை ஒதுக்காமல் டிரஸ்ட் எழுதவே கூடாது.

வரிதான் பெரிய ஓட்டை

டிரஸ்டுக்குள் தங்கும் வருமானத்துக்குப் பல நாடுகளில் மனிதர்களை விட மோசமான வரி. அமெரிக்காவில் 2025இல் ஒரு தனிநபர் உச்ச விகிதமான 37 சதவீதத்தைத் தொட 6,26,350 டாலர் வருமானம் வேண்டும், டிரஸ்ட் 15,650 டாலரிலேயே அதைத் தொட்டுவிடும். இங்கிலாந்தில் டிரஸ்டி விருப்பப்படி பகிர்ந்து கொடுக்கும் வகைக்கு 45 சதவீதம். கனடாவில் இறந்து 36 மாசம் வரை எஸ்டேட்டுக்கு, அதாவது இறந்தவர் விட்டுப்போன மொத்தச் சொத்துக்கு, சாதாரணப் படிக்கட்டு வரி, அதற்குப் பிறகு நேராக உச்ச விகிதம். ஊனமுற்ற பயனாளிக்கான தகுதி பெற்ற டிரஸ்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வருமானத்தைப் பயனாளிக்குக் கொடுத்துவிட்டால் பொதுவாக அது அவர் கையில், அவருடைய குறைந்த விகிதத்தில் வரிக்கு வரும். அதனால் வருமானத்தைக் கொடுக்கவும் வைத்துக்கொள்ளவும் டிரஸ்டிக்கு உயிலில் அதிகாரம் இருக்க வேண்டும். 25 வயசு வரை ஒரு பைசா வெளியே போகக் கூடாது என்று கோபத்தில் எழுதும் அப்பாக்கள் அந்தக் கோபத்துக்கு வருஷாவருஷம் வரி கட்ட வைக்கிறார்கள்.

உயில் டிரஸ்டுக்கு மட்டும் கிடைக்கும் சலுகைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மைனர் பிள்ளைக்கு உயில் டிரஸ்டிலிருந்து வரும் வருமானம் பெரியவர்களுக்கான விகிதத்தில்தான் வரிக்கு வரும், 18,200 டாலர் வரை வரி இல்லாத வரம்பும் கிடைக்கும். சாதாரணக் குடும்ப டிரஸ்டில் இது இல்லை. 2019 ஜூலையிலிருந்து இறந்தவரின் சொத்திலிருந்து வந்த வருமானத்துக்கு மட்டும் என்று அதைச் சுருக்கிவிட்டார்கள். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, பயனாளிகளின் பங்கு நிர்ணயிக்கப்படாத டிரஸ்டுக்கு உச்ச விகிதம் போட்டது, ஆனால் உயிலில் ஏற்படுத்திய, அந்த நபர் அப்படி ஏற்படுத்திய ஒரே டிரஸ்ட் என்றால் சாதாரண விகிதம் என்று விட்டுவைத்தது. அந்த 'ஒரே' என்பதுதான் விஷயம்: மூன்று பிள்ளைக்கு மூன்று டிரஸ்ட் என்று அழகாகப் பிரித்து எழுதினால் சலுகை போய்விடும். 2026 ஏப்ரலில் இருந்து புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்ணும் வாசகமும் என்ன என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டே எழுதுங்கள்.

எத்தனை டிரஸ்ட் என்பது வரிக்கு அப்பாலும் செலவு விஷயம்தான். மூன்று டிரஸ்ட் என்றால் மூன்று கணக்கு, மூன்று வரி தாக்கல், மூன்று குறைந்தபட்சக் கட்டணம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் கடைசிப் பிள்ளை படிப்பை முடிக்கும்வரை ஒரே டிரஸ்டாக வைத்து, அப்புறம் பிரித்துக்கொள்ளட்டும் என்று எழுதலாம்.

செலவைக் குறைக்க உயிலில் சேர்க்க வேண்டிய வாசகங்கள்

எல்லாவற்றுக்கும் மேலே இது: 'டிரஸ்டின் மதிப்பு அதை நடத்தும் செலவுக்குத் தகாத அளவுக்குக் குறைந்துவிட்டதாக டிரஸ்டிகள் கருதினால், டிரஸ்டை முடித்து மிச்சத்தைப் பயனாளியிடமோ, அவர் மைனரானால் அவருடைய கார்டியனிடமோ கொடுக்கலாம்.' இந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போனால் அந்த 25 லட்சம் டிரஸ்ட் காசு தீரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் நிறுத்துவதற்கு நீதிமன்றம் போக வேண்டும்.

டிரஸ்டிக்கு ஊதியம் உண்டா, உண்டென்றால் எப்படிக் கணக்கு, உச்சம் எவ்வளவு என்று எழுதுங்கள். 'அவ்வப்போது வெளியிடும் கட்டண விகிதப்படி' என்ற வாசகத்தைக் கம்பெனிகள் அவர்கள் தரும் மாதிரியில் வைத்திருப்பார்கள். அதன் அர்த்தம், நீங்கள் போன பிறகு அவர்கள் கட்டணத்தை ஏற்றினாலும் கேட்க ஆள் இல்லை என்பதுதான். அதனால் பயனாளிகளோ குடும்பத்தில் ஒருவரோ, காரணம் சொல்லாமலே, டிரஸ்டியை நீக்கி வேறு ஒருவரைப் போடலாம் என்ற அதிகாரத்தையும் கூடவே எழுதிவிடுங்கள். பேரம் பேசும் பலம் அதில்தான் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர், வெளியில் தொழில் தெரிந்த ஒருவர் என்று இரண்டு பேரைப் போடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. கணக்கு வழக்கை வெளி ஆள் பார்ப்பார், பிள்ளைக்கு என்ன தேவை என்பதைக் குடும்பத்து ஆள் சொல்வார்.

செலவு வருமானத்திலிருந்தா அசலிலிருந்தா என்பதையும் விடாமல் எழுதுங்கள். மனைவிக்கு வாழ்நாள் வருமானம், பிறகு அசல் பிள்ளைகளுக்கு என்ற டிரஸ்டில் இது எழுதப்படாமல் இருந்தால் ஆடிட்டர் பில் ஒவ்வொன்றும் ஒரு குடும்பச் சண்டை.

வாழ்நாள் முழுக்கக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைக்கு என்றால், கம்பெனிகளிடம் போவதற்கு முன் உங்கள் நாட்டில் அரசு ஆதரவில் இதற்கென்று அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் சிறப்புத் தேவை டிரஸ்ட் கம்பெனி ஒன்று அரசு மானியத்தோடு நடக்கிறது, உயிலிலிருந்து அதற்குப் பணம் போய்ச் சேரும்படி எழுதலாம். மலேசியாவில் அமானா ராயா என்ற அரசு டிரஸ்ட் நிறுவனம், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பொது டிரஸ்டி அலுவலகங்கள் இருக்கின்றன. இவர்களும் கட்டணம் வாங்குகிறவர்கள்தான், பட்டியலைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

முடிக்கும்போதும் செலவு உண்டு

கனடாவில் 21 வருஷத்துக்கு ஒருமுறை டிரஸ்ட் தன் சொத்தை விற்றுவிட்டதாகக் கருதி மூலதன லாப வரி போடுவார்கள், விற்காவிட்டாலும். இங்கிலாந்தில் சில வகை டிரஸ்டுகளுக்குப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை, 3,25,000 பவுண்ட் வரம்புக்கு மேல் உள்ளதில் 6 சதவீதம் வரை வரி; சொத்து வெளியே போகும்போதும் விகிதாசாரப்படி ஒன்று. இறந்த உடனேயே கணவனுக்கோ மனைவிக்கோ வாழ்நாள் உரிமை கொடுக்கும் டிரஸ்டுக்கும், தகுதியுள்ள ஊனமுற்றவருக்கான டிரஸ்டுக்கும் இந்தப் பத்து வருஷ வரி இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு 18 வயசில் முழுதாகக் கொடுத்துவிடும் டிரஸ்டுக்கும் இல்லை. 25 வரை நீட்டினால் 18க்கு மேல் ஓடும் வருஷங்களுக்குக் கணக்கு வரும். வயசை 18 என்று எழுதுவதா 25 என்று எழுதுவதா என்று யோசிக்கும்போது இதையும் தராசில் வையுங்கள். 18 வயசுப் பையன் கையில் முழுத் தொகை போவதை விட இந்த வரி மலிவாக இருக்கவும் கூடும்.

கடைசியாக ஒரு வேலை. நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள்: இந்த அளவு சொத்து, இத்தனை வருஷம், உள்ளே ஒரு வீடு; ஏற்றுக்கொள்ளும் கட்டணம், வருஷக் கட்டணம், குறைந்தபட்சக் கட்டணம், வீட்டை விற்றால் தனிக் கட்டணம், டிரஸ்டியை மாற்றினால் வெளியேற்றக் கட்டணம், முடிக்கும்போது கட்டணம், எல்லாம் எழுத்தில் வேண்டும். வாயால் சொன்னது வேண்டாம். வந்த பதில்களில் நீங்கள் தேர்ந்தெடுத்ததை உயிலின் நகலோடு வைத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று எக்ஸிக்யூட்டரிடம் சொல்லிவிடுங்கள். கட்டணப் பட்டியல் மாறியதா என்று சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மாறியிருந்தால் அந்தக் கணக்கை மறுபடி போட்டு, தேவைப்பட்டால் உயிலை மாற்றி எழுத இன்னும் நேரம் இருக்கிறது.